ஆலய வாசலை நோக்கிய கேமரா



அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், டர்ஹாம் நகரில் டியூக் பல்கலைக்கழகம் உள்ளது. 2014ஆம் ஆண்டில் அதன் வளாகத்தில் 8 கேமராக்கள் 85 நிமிடங்கள் ஓடின. வகுப்புக்குச் சென்ற மாணவர்கள், கல்லூரியைப் பார்க்க வந்த பிள்ளைகள் என 2,700க்கும் மேற்பட்டோர் அவற்றில் பதிவானார்கள். ஒரு கேமரா, வளாக ஆலயத்திற்குள் நுழைவோரும் வெளியே வருவோரும் தெரியும்படி வைக்கப்பட்டிருந்தது.

இது திருடனைப் பிடிக்க எடுத்த படம் அல்ல. கணினிக்குப் பாடம் சொல்லித்தர எடுத்த படம். ஒரு கேமராவில் தெரிந்த ஆள் இன்னொரு கேமராவில் தெரியும்போது, ‘இவர்தான் அவர்’ என்று இயந்திரம் சொல்ல வேண்டும். முகம் தெரியாவிட்டாலும் உடையையும் உடல்வாகையும் தோளில் தொங்கும் பையையும் வைத்துச் சொல்ல வேண்டும். அதற்கு, விடை முன்பே குறிக்கப்பட்ட படங்கள் ஏராளமாகத் தேவை. ஆகவே 20 இலட்சத்துக்கும் அதிகமான படச்சட்டங்களில் ஆளுக்கு ஓர் எண் கொடுத்தார்கள். 2016ல் அந்தத் தொகுப்பு இணையத்தில் வெளியானது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

வளாகத்தில் அறிவிப்புப் பலகை வைத்தார்களாம். நடந்துபோகிற எத்தனை பேர் பலகையை நின்று வாசிப்பார்கள்? அதைவிடப் பெரிய செய்தி 2019ல் வெளிவந்தது. பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு அனுமதித்தது கட்டடத்திற்குள் எடுக்கும் படத்திற்கே. அதையும் எல்லாருக்கும் திறந்துவிட அனுமதி தரவில்லை. தொகுப்பு நீக்கப்பட்டது. பொறுப்பான பேராசிரியர் மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்குள், சீனாவின் கண்காணிப்புத் தொழில்நுட்ப நிறுவனங்களையும் இராணுவப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள்கூட அதைப் பயன்படுத்திவிட்டார்கள். நீக்கிய பிறகும் அது ஆய்வுகளில் பயன்பட்டு வந்ததைப் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2021ல் எடுத்துக்காட்டினார்கள். கொட்டிய நெல்லை அள்ளலாம், இதை அள்ள முடியாது.

திருவிவிலியத்தில் தாவீது அரசர் மக்களைக் கணக்கெடுத்த நிகழ்ச்சி நமக்கு நினைவுக்கு வருகிறது (2 சாமு 24). படைத்தலைவர் யோவாபே வேண்டாம் என்று தடுத்தார், அரசர் கேட்கவில்லை. கணக்கு முடிந்ததும் அவருடைய மனச்சான்று அவரை வாட்டியது. எண்ணுவது பாவமா? அப்படியும் சொல்ல முடியாது. எண்ணிக்கை நூலில் கணக்கெடுக்கச் சொன்னவரே கடவுள்தானே. தாவீது கேட்டது வாளேந்தும் ஆண்களின் தொகையை. ஆண்டவருக்குரிய மக்கள் அவர் கண்ணுக்குத் தம் படைபலமாகத் தெரிந்தார்கள் என்பதே விவிலிய அறிஞர் பலர் தரும் விளக்கம். நாமும் அப்படியே கொள்கிறோம். டியூக் வளாகத்தில் நடந்தவர்கள் யாரோ ஒருவருடைய மூலப்பொருள் ஆனார்கள்.

கடவுளும் நம்மைப் பார்க்கிறவர்தானே, பிறகு என்ன அச்சம் என்று சிலர் கேட்கலாம். பாலைநிலத்திற்கு ஓடிப்போன அடிமைப் பெண் ஆகாரை ஆண்டவரின் தூதர் பெயர் சொல்லி அழைத்தார். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்டார் (தொநூ 16). பார்க்கப்பட்டவளுக்குப் பதில் சொல்ல இடம் கிடைத்தது. தன்னைக் கண்ட கடவுளுக்கு அவளே ஒரு பெயரும் சூட்டினாள். கட்டத்திற்குள் எண்ணாகிப்போனவருக்கு அந்த இடம் எங்கே?

இந்தத் தொழில்நுட்பம் முழுவதும் தீது என்று நாம் சொல்லவில்லை. 2018 ஏப்ரலில் டெல்லி காவல்துறை முகம் அறியும் கருவியைச் சோதித்தபோது, காணாமற்போன ஏறக்குறைய 3,000 குழந்தைகள் நான்கே நாளில் அடையாளம் காணப்பட்டதாகச் சொல்லப்பட்டது. தேடி அலையும் பெற்றோருக்கு அது எவ்வளவு பெரிய செய்தி! ஆனால் அடுத்த ஆண்டே, அக்கருவி சிறுவனையும் சிறுமியையும்கூடப் பிரித்தறியத் தடுமாறுவதாக உயர் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

2025 சனவரி 28 அன்று வத்திக்கான் வெளியிட்ட ‘ஆந்திக்குவா எத் நோவா’ ஏடு, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மக்களைக் கண்காணித்து அவர்களது சுதந்திரத்தைக் குறுக்குவதைக் கண்டிக்கிறது. அரசுகளும் பெரு நிறுவனங்களும் கேட்க வேண்டிய பேச்சுதான் அது. ஆனால் நம் பங்குகளிலும் இதில் கொஞ்சம் வேலை இருக்கிறது.

புதுநன்மை விழா முடிந்த அன்று மாலையே படங்கள் முகநூலில் ஏறிவிடுகின்றன. பெற்றோரைக் கேட்கிறோமா? 2023ஆம் ஆண்டின் இந்தியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆனால் ஒருவர் தாமாகவே பொதுவில் வைத்த தகவல்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என்ற விலக்கும் அதில் உண்டு. ஆக, நாமே கொண்டுபோய் வைப்பதைத் திரும்பக் கேட்பது எளிதல்ல. போதாக்குறைக்கு, வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் படத்தின் கீழே, ‘இடமிருந்து வலம்’ என்று ஒவ்வொருவர் பெயரையும் நாம் அன்போடு அச்சிடுகிறோம். டியூக் வளாகத்தில் ஆய்வாளர்கள் எண் மட்டும்தான் எழுதினார்கள்.