குடும்ப வன்முறைக் கணக்கெடுப்பு: களப்பணியாளர் பயிற்சியே அடித்தளம்

புதுதில்லி: தமிழ்ப் பள்ளியால் தில்லித் தமிழர்களுக்கு நன்கு அறிமுகமான பகுதி புசா ரோடு. அங்குள்ள ஒரு வீட்டின் கதவைத் தட்டி, "உங்கள் கணவர் உங்களை அடித்தது உண்டா?' என்று முன்பின் அறியாத ஒருவர் கேட்டால், என்ன பதில் கிடைக்கும்? கூடத்தில் மாமியார் அமர்ந்திருந்தால் "இல்லை' என்பதே பதிலாக இருக்கும்.

ஆனால், இத்தகைய பதில்களின் தொகுப்பே குடும்ப வன்முறை குறித்த தேசியப் புள்ளிவிவரமாகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வில் இதற்கெனத் தனிப்பகுதி 2005-06-ல் சேர்க்கப்பட்டது. மணமான பெண்களில், கணவரின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறியோர் அப்போது தமிழகத்தில் 42 சதவீதம். தில்லியில் 16 சதவீதம் மட்டுமே.

தில்லிப் பெண்கள் பாதுகாப்பாக இருந்தனர் என்று இதற்குப் பொருளா? அல்லது தமிழகப் பெண்கள் துணிந்து பேசினர் என்று பொருளா? எண்ணிக்கையை மட்டும் வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. கர்நாடகத்தில் 2015-16-ல் சுமார் 21 சதவீதமாக இருந்த அளவு, 2019-21 ஆய்வில் 44 சதவீதமானது. ஐந்து ஆண்டுகளில் வன்முறை இரட்டிப்பானதா, மௌனம் கலைந்ததா என்ற கேள்வி இங்கும் எழுகிறது.

கேட்பவரின் பயிற்சியைப் பொருத்தே பதிலும் அமையும் என்பதற்குச் சான்று உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வின்போது செர்பியாவில், சிறப்புப் பயிற்சி பெற்ற புதியவர்களிடம் 26 சதவீதப் பெண்கள் வன்முறையை ஒப்புக்கொண்டனர். சிறப்புப் பயிற்சி பெறாத, அனுபவம் மிக்க பணியாளர்களிடம் அவ்வாறு கூறியோர் 21 சதவீதமே.

கேள்வித்தாளைப் படிப்பது மட்டும் இப்பயிற்சி அல்ல. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே இக்கேள்விகளைக் கேட்க வேண்டும். தனிமை கிடைக்காவிட்டால் இப்பகுதியையே விட்டுவிட வேண்டும். இடையில் யாரேனும் வந்தால் பேச்சை மாற்ற வேண்டும். அறிவுரை கூறக் கூடாது. உதவி கிடைக்கும் இடங்களைத் தெரிவிக்க வேண்டும். நாள் முழுவதும் பிறர் துயரைக் கேட்கும் பணியாளரின் மனநிலையையும் கவனிக்க வேண்டும். பதற்றமின்றிக் கேட்கும் பக்குவம் ஒத்திகைகளால்தான் வரும்.

பல வளரும் நாடுகளில் இத்தகைய ஆய்வுகளுக்கும் பயிற்சிக்கும் துணைநின்ற சர்வதேச மக்கள்தொகை, சுகாதார ஆய்வுத் திட்டத்துக்கான நிதியை 2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசு நிறுத்தியது. பிறர் நிதியை நம்பியிருக்க முடியாது என்பதே இதன் பாடம்.

இந்தியாவில் களப்பணி, தெரிவு செய்யப்பட்ட முகமைகளிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஒப்பந்தத்தில் செலவைக் குறைக்க முற்பட்டால், முதலில் சுருங்குவது பயிற்சி நாள்களாகவே இருக்கும். அதனால் கிடைக்கும் குறைந்த எண்ணிக்கையை அரசுகள் சாதனையாகக் காட்டிக் கொள்ளலாம். 2006-ல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் பயனை அளக்க வேண்டுமானால், பயிற்சிக்கான காலமும் நிதியும் ஒப்பந்தத்திலேயே உறுதி செய்யப்பட வேண்டும். சொல்லப்படாத துயரம் கணக்கில் வராது. கணக்கில் வராததற்கு நிதிநிலை அறிக்கையில் இடமும் கிடைக்காது.