அங்கே பூ, இங்கே பழுப்புத் தண்ணீர்

தெற்கு இங்கிலாந்தில் ஒரு வீடும், கொல்லையில் மர நிழலில் கொஞ்சம் இடமும் அமைந்துவிட்டால் பலருக்கு அடுத்த ஆசை ரோடோடென்ட்ரான்தான். வருடம் முழுக்கப் பச்சை இலை, வசந்தத்தில் கொத்துக் கொத்தாகப் பூ. நீலகிரிச் சோலைகளின் ஓரத்தில் சிவப்பாகப் பூக்கிற மரமும் இதே இனம்தான். ஜோசப் ஹூக்கர் 1848 முதல் 1850 வரை சிக்கிம் பக்கம் மலைமலையாக அலைந்து விதைகளை ஊருக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு ஆங்கிலேயருக்கு இந்தச் செடியின் மேல் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் அதற்கான செலவை யார் கொடுக்கிறார்கள்?

ரோடோடென்ட்ரானுக்கு அமில மண் வேண்டும். பி.எச். அளவு 4.5-க்கும் 6-க்கும் நடுவில் இருந்தால் சந்தோஷமாக வளரும். தெற்கு இங்கிலாந்தின் பல பகுதிகளில் இருப்பதோ சுண்ணாம்பு மண். பி.எச். 7.5-ஐயும் தாண்டும். 7.5-க்கும் 5.5-க்கும் வித்தியாசம் இரண்டுதானே என்று நினைக்க வேண்டாம். இந்தக் கணக்கில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. அதாவது அமிலத்தன்மையில் நூறு மடங்கு வித்தியாசம்! சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் இந்தச் செடியால் உறிஞ்ச முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளாகி, செடி மெல்ல மெல்லச் சாகும்.

இதற்கு அந்த ஊர்த் தோட்டக்காரர்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி, குழி தோண்டி மூட்டை மூட்டையாக 'பீட்' கொட்டுவது. பீட் என்பது சதுப்பு நிலத்தில் பாசியும் செடிகளும் முழுக்க மக்காமல் படிந்து படிந்து உருவானது. வருடத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் படியும். ஒரு மீட்டர் ஆழம் சேர ஆயிரம் வருடம். உலகின் நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள இந்தப் பீட் நிலங்கள், எல்லாக் காடுகளின் மரங்களையும் விட அதிகமான கார்பனைப் பிடித்து வைத்திருக்கின்றன. அதைத் தோண்டி எடுத்து ஒரு புதருக்கடியில் கொட்டுகிறார்கள். தோட்டக்காரர்களுக்குச் சில்லறையில் பீட் விற்பதை 2024-க்குள் நிறுத்தப் போவதாக அந்த நாட்டு அரசு 2022-ல் அறிவித்தது. சட்டம் வராமலே 2024 போய்விட்டது.

சரி, மனசாட்சி உள்ளவர்கள் என்ன செய்கிறார்கள்? 'பீட் இல்லாதது' என்று எழுதிய மூட்டையை வாங்குகிறார்கள். அப்படிப்பட்ட பல மூட்டைகளில் இருக்கும் ஒரு முக்கியச் சரக்கு கோகோபீட். நம் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார்க்கழிவு! ஒரு காலத்தில் ரோட்டோரம் குப்பையாகக் குவிந்து கிடந்த பொருள் காசானது நல்ல விஷயம்தான். ஆனால் அதில் உப்பு இருக்கிறது. உப்பைப் போக்க நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அலசிய தண்ணீர் பழுப்பாக, உப்போடு வெளியே வருகிறது. அதைச் சுத்திகரிக்காமல் நிலத்தில் விட்டால் அக்கம்பக்கத்துக் கிணறு கெடும். தென்னை நார்த் தொழிலை 2021-ல் தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெள்ளைப் பட்டியலில் இருந்து ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியது சும்மா இல்லை.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது பழகிய கதை. விலைச்சீட்டில் வராத செலவு. மூட்டையின் விலையில் கப்பல் கூலி இருக்கிறது, கடைக்காரர் லாபம் இருக்கிறது. கெட்டுப்போன கிணற்றுக்கு மட்டும் அதில் இடமில்லை. அந்தத் தொகையைக் கிணற்றுக்காரர் கட்டுகிறார், பூவைப் பார்க்காமலே.

"அவரவர் தோட்டம், அவரவர் காசு" என்பார்கள். முழுக் காசையும் அவரே கொடுத்தால் பேச்சே இல்லை. "பொள்ளாச்சியில் எத்தனை பேருக்கு வேலை!" என்பார்கள். உண்மைதான், அந்த வேலை போகக் கூடாது. அலசிய தண்ணீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் செலவை விலையில் சேர்த்துக் கேட்டால் வேலையும் இருக்கும், கிணறும் இருக்கும். அந்த விலைக்கு வாங்க ஆள் இல்லை என்றால், இத்தனை நாள் அது யார் தயவில் மலிவாக இருந்தது?

இதில் வேடிக்கை, இத்தனை செய்தும் சுண்ணாம்பு நிலத்தில் அந்தக் குழி நிலைக்காது. சுற்றியுள்ள மண்ணின் சுண்ணாம்பு ஊறி ஊறி உள்ளே வரும். குழாய்த் தண்ணீரும் கடின நீராக இருந்தால் கேட்கவே வேண்டாம். சில வருடத்தில் மறுபடி மஞ்சள் இலை, மறுபடி மூட்டை.

கார்ன்வாலிலோ ஸ்காட்லாந்தின் மேற்கிலோ மண் இயற்கையாகவே அமிலமாக இருக்கிற இடங்களில் தாராளமாக நடட்டும். வேர் மேலாகவே ஓடும் செடி, ஆழமாக நடக் கூடாது. உதிர்ந்த இலையைக் குவித்து ஒன்றிரண்டு வருடம் மக்க வைத்தால் மூடாக்கு இலவசம். ஊற்றுவதற்கு மழைநீர் போதும். சுண்ணாம்பு மண்காரருக்கும் நிழலில் வளரும் பசுமைச் செடி இல்லாமல் இல்லை. சார்கோகோக்கா இருக்கிறது. அது குளிர்காலத்தில் பூத்து மணக்கும், சுண்ணாம்பைப் பற்றிக் கவலையே படாது.

மண்ணைப் பார்த்துச் செடியை வாங்கு என்பது எந்த ஊர் விவசாயிக்கும் தெரிந்த பாடம். காசு கொஞ்சம் கூடியதும் செடியைப் பார்த்து மண்ணை வாங்கத் தோன்றுகிறது. அந்த மண் எங்கோ ஒரு சதுப்பில் இருந்தோ, யாரோ ஒருவரின் கிணற்றடியில் இருந்தோதான் போகிறது.