ஒட்டிக்கொண்டால் போதுமா?

கணிப்பொறி பிழை காட்டாமல் விடை தந்துவிட்டால் அவ்விடை சரியானதே என்னும் எண்ணம் மாணவியராகிய நம்மிடையே வேரூன்றி வருகிறது. இதை ஏற்பதற்கில்லை. பைத்தான் மொழியில் எண் அட்டவணைகளை ஒன்றோடொன்று இணைக்கும் சிறு வேலையை எடுத்துக்கொண்டாலே காரணம் விளங்கும்.

இவ்வேலைக்குப் பயன்படுவது 'நம்பை' என்னும் நிரல் தொகுப்பு. (அதுவே ஓர் ஒட்டுமரந்தான்! நியூமெரிக், நம்அரே என்று தனித்தனியே வளர்ந்த இரண்டையும் ஒன்றுசேர்த்து டிராவிஸ் ஆலிபன்ட் உருவாக்கிய இதன் முதற் பதிப்பு 2006இல் வெளிவந்தது.)

ஒரு வகுப்பில் 40 மாணவியர், 5 பாடங்கள் எனக் கொள்வோம். காலாண்டு மதிப்பெண்கள் 40 நிரை, 5 நிரல் கொண்ட ஓர் அட்டவணை. அரையாண்டும் அவ்வாறே. விஸ்டாக் என்று கட்டளையிட்டால் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்து 80 நிரை, 5 நிரல் ஆகும். எச்ஸ்டாக் என்றால் பக்கத்தில் பக்கமாக 40 நிரை, 10 நிரல். ஸ்டாக் என்றால் இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாற்போல் 2, 40, 5 என்னும் மூன்று அளவுகள் கொண்ட அடுக்கு. மூன்றிலும் இருப்பவை அதே 400 எண்கள்தாம்.

இணைக்கும்போது கணிப்பொறி பார்ப்பது அளவை மட்டுமே. ஒரு மாணவி இடையில் ஊர் மாறிச் சென்று அரையாண்டில் 39 நிரைகளே இருந்தால், எச்ஸ்டாக் இணைக்க மறுத்துவிடும். அம்மறுப்பைக் கண்டு நாம் முகம் சுளிக்கிறோம். உண்மையில் அதுவன்றோ நம் உற்ற தோழி! விஸ்டாக்கோ நிரல்கள் ஐந்தும் பொருந்துவதால் ஒன்றும் சொல்லாமல் 79 நிரைகளைத் தந்துவிடும்.

அதைவிட அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. ஒரு பட்டியல் சேர்க்கை எண் வரிசையிலும், மற்றொன்று பெயரின் அகர வரிசையிலும் இருக்கட்டும். இரண்டிலும் 40 நிரைகளே. எச்ஸ்டாக் தடையின்றி இணைக்கும். அமலாவின் காலாண்டு மதிப்பெண்ணுக்கு அருகில் ரோஸ்மேரியின் அரையாண்டு மதிப்பெண் வந்து அமரும். நன்றாகப் படித்தவள் வீட்டில் ஏச்சு வாங்குவாள். உதவி தேவைப்படுபவளோ ஆசிரியையின் கண்ணில் படாமலே போவாள்.

இன்னொரு தந்திரமும் ஆய்வுக்கூடத்தில் உலவுகிறது. பாடங்களை நிரைகளாக எழுதி 5 நிரை, 40 நிரலாக வந்த அட்டவணையை எச்ஸ்டாக் ஏற்காது. உடனே ரீஷேப் என்னும் கட்டளையால் அதை 40க்கு 5 ஆக்கிவிடுகிறார்கள். பிழைச் செய்தி மறைந்துவிடும். ஆனால் முதல் நிரையில் இருப்பவை முதல் மாணவியின் ஐந்து பாடங்கள் அல்ல. முதல் ஐந்து மாணவியரின் தமிழ் மதிப்பெண்கள்! கணக்குப் பாடத்தில் நாம் படிக்கும் நிரை நிரல் மாற்று அணிதான் இங்கு வேண்டியது. இரண்டின் அளவும் ஒன்றே, பொருள் வேறு. வாயடைக்கச் செய்வதைத் திருத்தம் என்று சொல்லலாமா?

பள்ளிக் கணக்குக்கு இத்தனை எச்சரிக்கை எதற்கு என்று சிலர் கேட்கலாம். நாளை மருத்துவமனையில் சோதனை முடிவுகளை இணைக்க அமரும்போதும் நம் கைக்கு வருபவை இவையே போன்ற கட்டளைகள்தாம்.

ஆகவே, செய்முறைப் பதிவேட்டில் விடைக்கு மட்டுமின்றி இணைப்புக்கு முந்திய சோதனைக்கும் மதிப்பெண் ஒதுக்க வேண்டுமென்பது நம் கருத்து. இரு அட்டவணைகளிலும் முதல் நிரலாகச் சேர்க்கை எண் இருக்கட்டும். நிரை கலையாமல் இரண்டையும் அவ்வெண் வரிசையில் அடுக்கி, இரு முதல் நிரல்களும் 40 இடங்களிலும் ஒத்திருக்கின்றனவா என்று கணிப்பொறியையே கேட்கலாம். இதற்கு இரண்டு வரி நிரலே போதும். பிறகு யாரேனும் இரு மாணவியரின் மதிப்பெண்களைப் பட்டியலில் விரல் வைத்துச் சரிபார்த்து, அவர்களுடைய சேர்க்கை எண்களைப் பதிவேட்டின் ஓரத்தில் குறித்து வைக்கட்டும்.