பதினைந்தே ஆட்டங்கள் போதும்!



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். நாட்டு முன்னேற்றம், இளைஞர் சக்தி என்று எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். கால்பந்து. அதுவும் டி.வி.யில் காட்டாத கால்பந்து!

பட்டினப்பாக்கம் கடற்கரை மணலில் பந்து உதைத்து வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். கூட ஆடிய பசங்களில் பலர் பத்தாவதோடு நின்றுவிட்டார்கள். ஒருவன் மயிலாப்பூரில் மெக்கானிக் ஷெட்டில், ஒருவன் அடையாறில் சமையல் கான்ட்ராக்டரிடம், கோல்கீப்பர் அண்ணன் தி.நகர் துணிக்கடையில். எங்களை இன்னும் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது ஒரு சின்ன கிளப்தான்.

சென்னை லீக்கில் உச்சியில் சூப்பர் டிவிஷன். அதற்குக் கீழே முதல் டிவிஷன், இரண்டாவது, மூன்றாவது என்று படிக்கட்டு இறங்கிக்கொண்டே போகும். நாங்கள் கீழ்ப்படியில் நிற்பவர்கள். லீக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆரம்பத்தில் நாலு ஆட்டம் தோற்றால் அந்த வருஷம் முடிந்த மாதிரிதான். ஏறவும் வழியில்லை, ஆடவும் மனசில்லை. ஞாயிற்றுக்கிழமை தி.நகர் கடையில் லீவு கிடைக்குமா? அண்ணன் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் வந்துகொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் அவரும் நின்றுவிட்டார். போன வருஷம் கடைசி ஆட்டத்துக்கு வந்தது ஆறே பேர். ஏழு பேர் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது என்பது சட்டம். ரெஃப்ரி வாட்சைப் பார்த்தார். வாக்-ஓவர்! வியர்க்காத ஜெர்சியோடு பஸ் ஏறினோம்.

இதற்கு மருந்து என்ன? கீழ் டிவிஷன் கிளப்புகளுக்கென்றே ஒரு நாக்-அவுட் கோப்பை. இதுதான் என் கட்சி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 அணிகள் லீக் முறையில் ஒருவரோடு ஒருவர் ஒருமுறை மோத 120 ஆட்டங்கள் வேண்டும். நாக்-அவுட் என்றால் 15 போதும். எட்டு, நாலு, இரண்டு, ஒன்று. முதல் சுற்றை இரண்டு ஞாயிறுகளில் நடத்தினால் ஐந்தே ஞாயிறுகளில் கோப்பை கையில்! ரெஃப்ரி சம்பளம், பந்து, கோடு போடச் சுண்ணாம்பு, எல்லாச் செலவும் அதே அளவுக்குக் குறையும்.

இது என் கற்பனை அல்ல. கால்பந்தைச் சட்டம் எழுதி ஒழுங்குபடுத்திய இங்கிலாந்தில் எஃப்.ஏ. வேஸ் என்ற கோப்பை 1974-75-இல் தொடங்கியது. ஒன்பதாம் படிக்கட்டிலும் அதற்குக் கீழேயும் உள்ள கிளப்புகளுக்கு மட்டும்! பயணச் செலவு குறைய, முதல் சுற்றுகளில் பக்கத்து ஊர் அணிகளையே மோத விடுகிறார்கள். ஆனால் இறுதி ஆட்டம் எங்கே தெரியுமா? நாட்டின் பெரிய மைதானமான வெம்ப்ளியில்! விட்லி பே என்ற கடலோர ஊரின் அணி 2009, 2010, 2011 என மூன்று வருஷம் தொடர்ந்து அதை வென்றது. கடலோர ஊர் என்றதும் எனக்கு எங்கள் பட்டினப்பாக்கம்தான் ஞாபகம் வந்தது.

பிரான்சில் 2000-ஆம் ஆண்டு, நாலாவது டிவிஷனில் இருந்த கலே என்ற துறைமுக ஊர் அணி தேசியக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போனது. வேலைக்குப் போய்க்கொண்டே ஆடிய பசங்க அவர்கள். நான்ட் அணியிடம் 2-1 என்று, அதுவும் கடைசி நேர பெனால்டியில்தான் தோற்றார்கள். நம் நாட்டு டுராண்ட் கோப்பையும் 1888-இல் சிம்லாவில் பட்டாளத்து அணிகளுக்காகத் தொடங்கியதுதான். நம் நீலகிரி வெலிங்டனிலிருந்து போன மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி 1955-லும் 1958-லும் அதைத் தூக்கி வந்தது.

"நாக்-அவுட்டில் பாதி அணி முதல் ஆட்டத்திலேயே வெளியே போய்விடுமே" என்று கேட்பீர்கள். போகட்டுமே! பதினோரு பேரும் வந்து, ஆடித் தோற்றுப் போகட்டும். ஆறு பேராக நின்று, ஆடாமல் தோற்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

என் அப்பா கொத்தனார். "பந்து சோறு போடுமாடா? மொதல்ல அரியரை முடி" என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான், எனக்கு ஒரு அரியர் இருக்கிறது. ஆனால் நண்பர்களே, அரியர் என்றால் இன்னொரு வாய்ப்பு. எனக்கு அது இருக்கிறது. பத்தாவதிலேயே நாக்-அவுட் ஆன என் கூட்டாளிகளுக்கு? விசில் ஊதும்போது எல்லாருக்கும் 0-0 என்று தொடங்கும் இடம் அவர்களுக்கு மைதானம் ஒன்றுதான்.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். இந்த மலருக்கு விளம்பரம் கேட்டு லஸ் கார்னர் முதல் பாண்டி பஜார் வரை ஏறி இறங்கினோமே, அதே கால்களோடு ஒரு கோப்பைக்கும் ஏறி இறங்குவோம். ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடக்கும் நம் மைதானத்தைக் கேட்டு வாங்குவோம். மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் பக்கத்துச் சின்ன கிளப்புகள் பதினாறைக் கூப்பிடுவோம்.

கோல்கீப்பர் அண்ணனிடம் இதைச் சொன்னேன். "நாக்-அவுட்டா? தேதிய சொல்லு, நான் ஷிஃப்ட் மாத்திக்கிறேன்" என்றார்.

தேதியை நாம்தான் சொல்ல வேண்டும்.

- இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்