நண்பனுக்குப் பொய் சொல்லலாமா?

புற்றுநோய் என்ற பெயரை நோயாளியின் காதில் போடக்கூடாது என்பது நம் நாட்டில் எழுதாச் சட்டமாக இருந்து வருகின்றது. டாக்டர் வீட்டாரைத் தனியே அழைத்துச் சொல்லுவார். வீட்டார் நண்பரிடம் சொல்லுவார்கள். நண்பர் தெருவுக்கே சொல்லி விடுவார். தெரியாதவர் ஒரே ஒருவர்தான். யாருடைய தொண்டைக்குக் கீழே கஞ்சி இறங்கவில்லையோ அவர்! இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் இரக்கமாம்.

நமது நெருங்கிய தோழர் ஒருவர், இராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் முப்பது வருஷம் உழைத்தவர், இன்று இந்த நிலையில் இருக்கிறார். உணவுக்குழாயில் வந்த நோய் ஈரலுக்கும் பரவிவிட்டது. “அல்சர்தான், ஆறிவிடும்” என்பது வீட்டாரின் கட்டுப்பாடான பேச்சு. அவரோ நம்மைப் பார்த்து, “அல்சருக்காப்பா இத்தினி பேரு அழுதுகினு வர்றீங்க?” என்று கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்லுவது? அவருக்கு வாங்கவேண்டிய பிராவிடண்டு பணம் இருக்கின்றது. கட்டவேண்டிய சீட்டு இருக்கின்றது. பத்து வருஷமாகப் பேசாத தம்பி ஒருவர் திருவொற்றியூரில் இருக்கிறார். காலம் குறைவு என்று தெரிந்தால்தானே இவற்றை முடிப்பார்? ஐம்பத்தெட்டு வயது மனிதனை மைனராக்கி, அவன் உயிர்ச் சமாச்சாரத்தை மற்றவர் கூடிப் பேசி முடிப்பது எந்த ஊர் நியாயம்?

பலாத்காரமாக ஒருவர் காதில் போய் ஊதவேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேட்கவேண்டும். கேட்ட அளவுக்கு உண்மை சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

பார்க்க வருகிறவர்களில் ஒரு கூட்டம் விபூதிப் பொட்டலத்தோடும், மந்திரித்த கயிற்றோடும், பூர்வ ஜென்ம வினை என்ற பேச்சோடும் வருகின்றது. 1949 செப்டம்பரில் இதே இராயபுரம் ராபின்சன் பூங்காவில் ஒரு புதிய கட்சியைத் துவக்கினாரே தோழர் அண்ணாதுரை, அவருக்கும் வந்தது இதே உணவுக்குழாய்ப் புற்றுநோய்தான். 1968ல் முதல் மந்திரியாக இருக்கும்போதே நியூயார்க் மெமோரியல் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. அடுத்த வருஷம் பிப்ரவரி 3ந் தேதி, 59வது வயதில், காலமானார். அவர் என்ன ஜென்மத்தில் என்ன வினை செய்தாராம்? வேண்டுதல் பலிப்பதாயிருந்தால், அன்று நாடெங்கும் நடந்த வேண்டுதல்களில் ஒன்றாவது பலித்திருக்க வேண்டாமா?

ஆனால் இதிலே பகுத்தறிவுக்காரர்களாகிய நமக்கும் ஒரு பாடம் உண்டு. நியூயார்க் வைத்தியமும் அவரைக் காப்பாற்றவில்லை. பரவிவிட்ட நோயை அறவே குணப்படுத்திவிடலாம் என்று ஆசை காட்டி, தாலியையும் வீட்டையும் அடகு வைக்கச் செய்கிற ஊசிக்கும், கோயில் உண்டியலுக்கும் அதிக வித்தியாசமில்லை.

மற்றொரு கூட்டம் படித்த கூட்டம். “புகையிலை போட்டாய், குடித்தாய், அனுபவிக்கிறாய்” என்று கட்டிலின் ஓரத்தில் நின்றே கணக்குப் படிக்கின்றது. புகையிலையும், பாக்கும், சாராயமும் இந்நோய்க்குக் காரணங்கள் என்பது மெய். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்கள்கூடப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவையாயிருக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2016ல் சொல்லியிருக்கின்றது. ஆனால் இதைச் சொல்லவேண்டிய இடம் டீக்கடை பெஞ்சு. சொல்லவேண்டியது அவர் மகனிடம். சாகக் கிடப்பவரிடம் சொன்னால் அது கர்ம பலனுக்குப் பாண்ட் சட்டை போட்டதுதான்.

நிற்க, செய்யக்கூடியது என்ன என்றால், குணப்படுத்த முடியாத இடத்திலும் வைத்தியத்துக்கு வேலை இருக்கின்றது. அடைபட்ட இடத்தில் ஸ்டென்ட் என்கிற விரியும் கம்பிக் குழலை வைத்தால் பலருக்குக் கஞ்சியும் குழைந்த சோறும் மறுபடி இறங்குகின்றன. கொஞ்சம் கொஞ்சமாக, உட்கார்ந்தபடி சாப்பிட்டு, தலையை உயர்த்திப் படுக்கவேண்டும். ஆசைக்காக ஆட்டுக்கறித் துண்டை ஊட்டுகிற அன்பு குழலை அடைத்துவிடும்.

வலிக்கு மார்பின் இருக்கின்றது. அதை இந்நாட்டின் அபின் வயல்களே தருகின்றன. சர்க்கார் லைசென்சில் அபினைப் பயிரிட்டு உலகத்துக்கு அனுப்பிய தேசத்திலே, 1985ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் அம்மருந்தை வைக்காமலேயே இருந்தன; நோயாளிகள் கதறிச் செத்தார்கள். 2014ல் சட்டம் திருத்தப்பட்டு, நாடு முழுமைக்கும் ஒரே முறை ஏற்பட்டது. சட்டத்தின் பயம் குறைந்தும் வீட்டாரின் பயம் குறையவில்லை. “பழக்கமாகிவிடுமே” என்கிறார்கள். சில மாதங்களே இருக்கக்கூடிய ஒருவர், டாக்டர் அளந்து கொடுக்கும் மருந்தைச் சாப்பிட்டால் எந்தக் குடி முழுகிப்போகும் என்று கேட்கின்றோம். மலச்சிக்கல் வரும், அதற்கும் கூடவே மருந்து உண்டு.

2021ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் ஆரம்பித்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலே, படுக்கையில் கிடப்போரை வீட்டுக்கே வந்து கவனிக்கும் ஏற்பாடும் சேர்ந்திருக்கின்றது. நண்பர் என்று சொல்லிக்கொள்வோர் ஆப்பிள் கூடை தூக்கி வருவதை விட்டு, பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போய் அவர் பேரைப் பதிந்து வரட்டும். ஆப்பிளை அவரால் விழுங்கவும் முடியாது. இராத்திரி கண் விழிக்கும் அவர் மனைவிக்கு வாரத்தில் இரண்டு இரவு தூங்க இடம் கொடுத்து, அந்த நாற்காலியில் நாம் உட்காரலாம். திருவொற்றியூர்த் தம்பியை அழைத்து வரலாமா என்று அவரையே கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.