நுரை வரலையா? அடுத்த ஷாம்பு பாட்டிலை ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி...

ஃபோம் கேனன் வாங்கிட்டு, நுரை சரியா வரலைன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு ஷாம்பு வாங்கிட்டிருக்கீங்களா? கொஞ்சம் நிறுத்துங்க. அந்தத் தப்பை உங்களுக்கும் சேர்த்து நான் ஏற்கெனவே பண்ணிட்டேன்.

போன வருஷம் பிரஷர் வாஷரும் கேனனும் வாங்கினேன். ரீல்ஸ்ல வர்ற மாதிரி கார் முழுக்க வெள்ளையா நுரை போர்த்தி நிக்கும்னு நினைச்சேன். வந்தது நீர்மோர். கண்ணாடியில பட்ட அடுத்த நொடியே வழிஞ்சு தரைக்குப் போயிடுச்சு. ஷாம்புதான் சரியில்லைன்னு முடிவு பண்ணி ரூ.700-க்கு வேற ஒண்ணு வாங்கினேன். அதுவும் அதே கதை. அப்புறம் ரூ.1,100-க்கு ‘ஸ்னோ ஃபோம்’. காரணம் தெரியாம செலவு பண்ணாதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்ற ஆடிட்டர், ரூ.1,800-ஐ இப்படித்தான் விட்டேன்.

கோளாறு கேனனுக்குள்ள இருந்தது. மெஷின் பக்கத்துல இருந்து தண்ணி நுழையற இடத்துல ஒரு சின்ன பித்தளைத் துண்டு இருக்கும். அதன் நடுவுல குண்டூசி போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. நிறைய கேனன்கள்ல இது 1.25 மி.மீ. நிமிஷத்துக்கு அதிகமா தண்ணி தள்ளற பெரிய மெஷினுக்கு அது சரி. நாம வீட்டுக்கு வாங்கற மெஷின் பெரும்பாலும் 5.5 முதல் 7 லிட்டர்தான் தள்ளும். கொஞ்சத் தண்ணி பெரிய ஓட்டை வழியா போனா வேகம் குறையும். வேகம் குறைஞ்சா ஷாம்பையும் காத்தையும் உள்ளே இழுக்கற சக்தியும் குறையும். 1.1 மி.மீ. துண்டை மாத்தினேன். விலை ரூ.200-கூட இல்லை. முதல்ல வாங்கின சாதா ஷாம்புலயே நுரை ஒட்டி நின்னுச்சு!

கொஞ்ச நாள் நல்லா வந்துட்டு அப்புறம் நுரை குறைஞ்சா, உள்ளே இருக்கற கம்பி வலை அடைச்சிருக்கும். போர்வெல் தண்ணி உப்பும் காஞ்ச ஷாம்பும் சேர்ந்து அதுல படியும். வினிகர்ல ஊற வெச்சுக் கழுவுங்க. ஒவ்வொரு தடவையும் வேலை முடிஞ்சதும் பாட்டில்ல வெறும் தண்ணி ஊத்தி அரை நிமிஷம் அடிச்சாலே இந்தத் தொல்லை பெருமளவு வராது.

கலவைக்கு என் அளவு: 1 லிட்டர் பாட்டில்ல 100 மில்லி ஷாம்பு, மீதி தண்ணி. தண்ணியை முதல்ல ஊத்துங்க, இல்லேன்னா பாட்டிலுக்குள்ளேயே நுரை நிரம்பிடும். உப்புத் தண்ணி ஏரியாவா? இந்த 900 மில்லிக்கு மட்டும் குடிக்கற தண்ணியை எடுத்துக்கலாம். ஆர்ஓ-ல இருந்து வெளியேறற வேஸ்ட் தண்ணியைச் சேமிச்சு கார் கழுவறவங்க நிறைய பேர். நல்ல எண்ணம்தான், ஆனா அதுல உப்பு இன்னும் அதிகம். பெயின்ட் மேல காய விட்டா வெள்ளைப் புள்ளி விழும்.

இப்ப என் கருத்து. நுரை எவ்வளவு கெட்டியா நிக்குதுங்கறது வீடியோவுக்குத்தான் முக்கியம். அசையாம நிக்கற நுரை அழுக்கைக் கீழே கொண்டு போகாது. மெதுவா வழியணும். முதல்ல வெறும் தண்ணியால மண்ணை அடிச்சு எடுங்க. நிழல்ல, பானெட் சூடு ஆறின பிறகு நுரை போடுங்க. மூணு நாலு நிமிஷம் ஊறட்டும், காயறதுக்குள்ள அலசிடுங்க. அதுக்கப்புறமும் ஒரு மெல்லிய அழுக்குப் படலம் இருக்கும், அதை மைக்ரோஃபைபர் கையுறையால தொட்டுக் கழுவித்தான் ஆகணும். நுரையோட வேலை, நீங்க தேய்க்கறதுக்கு முன்னாடி மணலை இறக்கி விடறது. நீங்க காசு கொடுக்கறது அந்தக் கீறல் விழாம இருக்கத்தான். அபார்ட்மென்ட்ல தினமும் காலையில துடைக்கறவரை நான் குறை சொல்ல மாட்டேன். 20 காருக்கு ஒரு பக்கெட் தண்ணியும் ஒரு துணியும் கொடுத்தா யார் துடைச்சாலும் வெயில்ல வட்ட வட்டமா கீறல் தெரியத்தான் செய்யும்.

சரி, கணக்குக்கு வருவோம். மெஷின் ரூ.7,500, கேனன் ரூ.1,200, கையுறை, டவல், ரெண்டு பக்கெட் ரூ.1,300. ஆக ரூ.10,000. ஒரு தடவைக்கு ஷாம்பு ரூ.50. வெளியே கழுவினா எங்க ஏரியாவுல ரூ.500. தடவைக்கு ரூ.450 மிச்சம்னா, போட்ட பணம் திரும்ப 22, 23 தடவை கழுவணும். மாசம் ரெண்டு தடவை கழுவறவருக்கு ஒரு வருஷம் போதும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைன்னா கிட்டத்தட்ட நாலு வருஷம். அவர் வாங்க வேண்டாம், நேரா வாஷ் சென்டருக்கே போகலாம். இதுல உங்க ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரத்துக்கு நான் விலை போடலை. கிரெடிட் கார்டு ‘நோ காஸ்ட் இஎம்ஐ’-ல எடுத்தா வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க தலையில விழும், ப்ராசஸிங் ஃபீ இருந்தா அதுவும். சம்பளக்காரங்க இந்த மெஷினுக்குத் தேய்மானம்னு எதையும் வரியில கழிக்கவும் முடியாது. (கேட்டிருக்காங்க!)

வாங்கறதுன்னா சேர்ந்து வாங்குங்க. எங்க பிளாக்ல மூணு வீடு ஒரே மெஷினை வெச்சுக்கறோம். ஆளுக்கு ரூ.3,300 சொச்சம், எட்டு தடவையில கணக்கு நேராயிடும். ஷாம்பு மட்டும் அவங்கவங்க காசு. அந்த ரூ.1,100 ஸ்னோ ஃபோமை ரெண்டு பேருக்கும் இலவசமாவே தர்றேன்னு சொல்லிப் பார்த்துட்டேன். யாரும் எடுத்துக்கலை.