பட்டாளத்துப் பழைய பிஸ்டல்கள்

சேனைக்கு வேண்டாத கம்பளிகளையும் கூடாரங்களையும் ஒரு சர்க்கார் மலிவாக விற்றுத் தீர்ப்பது உலக வழக்கம். 1945-இல் யுத்தம் முடிந்த பின் நமது தேசத்திலும் டிஸ்போஸல் சரக்கு என்ற பெயரால் லாரிகளும் ஜீப்புகளும் பூட்ஸுகளும் சந்தைக்கு வந்ததை மூத்தோர் சொல்ல வாசகர்கள் கேட்டிருப்பர். அந்தக் குவியலில் கைத்துப்பாக்கியைக் கடைச்சரக்காக எவரும் கண்டதில்லை. 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் நிழலில் வாழ்ந்த ஜனங்களுக்கு அது கனவிலும் தோன்றாத காரியம். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ சேனை கழித்துப்போட்ட பிஸ்டலும் கம்பளியைப் போலவே ஒரு மிச்சச் சரக்காகும். அதை யார் வாங்கலாம், என்ன விலைக்கு வாங்கலாம், எத்தனை சோதனைக்குப் பின் வாங்கலாம் என்பது பற்றி அந்நாட்டில் அறுபது வருஷங்களுக்கு மேலாக விவாதம் நடந்து வருகிறது. அவ்விவாதத்தில் எது உண்மையான விஷயமோ அதுவே பெரும்பாலும் மறைந்துபோய்விடுகிறது என்பது நமது அபிப்பிராயம்.

சமீப காலத்து நிகழ்ச்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். ஜான் பிரௌனிங் என்னும் நிபுணர் அமைத்த .45 அங்குலப் பிஸ்டலை அமெரிக்கச் சேனை 1911-இல் ஏற்றுக்கொண்டது. அவ்வருஷமே அதற்குப் பெயராகவும் நிலைத்தது. இரண்டு உலக யுத்தங்களிலும், கொரியாவிலும், வியத்நாமிலும் அது சிப்பாய்களின் இடுப்பில் தொங்கியது. இரண்டாம் யுத்தத்தின்போது கோல்ட் கம்பெனியின் உற்பத்தி மட்டும் போதாமற் போகவே, டைப்ரைட்டர் செய்து வந்த ரெமிங்டன் ராண்ட் கம்பெனி எட்டு லக்ஷத்துக்கு மேல் செய்து கொடுத்தது. தையல் யந்திரத்துக்குப் பெயர்போன ஸிங்கர் கம்பெனி 500 மாத்திரமே செய்தது; அந்த ஐந்நூறுக்கு இன்று சேகரிப்போர் கொடுக்கும் விலை சாமானியர் எட்டக்கூடியதன்று. 1945-க்குப் பின் சேனை புதிதாக இதனை வாங்கவில்லை. 1985-இல் இத்தாலிய பெரெட்டா பிஸ்டல் இதன் ஸ்தானத்தைப் பிடித்தது. பழையவற்றில் ஏறக்குறைய ஒரு லக்ஷம் அலபாமா மாகாணத்து அனிஸ்டன் நகரிலுள்ள ராணுவக் கிடங்கில் அடுக்கப்பட்டுக் கிடந்தன.

இவற்றை ஜனங்களுக்கு விற்க வழிசெய்யும் ஷரத்து 2015-ஆம் வருஷக் கடைசியில் ராணுவச் செலவு மசோதாவுடன் சேர்ந்து சட்டமாயிற்று. கிடங்கில் ஒரு பிஸ்டலை வைத்துக் காப்பதற்கு வருஷத்துக்கு இரண்டு டாலர் வீதம் ஆகிறதென்றும், இது வீண் செலவென்றும் எடுத்துக் காட்டினார்கள். இரண்டு டாலர் வீதம் ஒரு லக்ஷத்துக்கு இரண்டு லக்ஷம் டாலர். அதே வருஷத்தில் அந்நாட்டு ராணுவச் செலவு ஐம்பதினாயிரம் கோடி டாலருக்கும் மேல்! இந்தச் சில்லறைச் சிக்கனத்துக்காகவே ஒரு சட்டம் பிறந்தது என்று நம்புவதற்கு மிகுந்த சாதுத்தனம் வேண்டும். ஷரத்தைக் கொணர்ந்தவர் அலபாமாப் பிரதிநிதி மைக் ராஜர்ஸ் என்பவர். அனிஸ்டன் அவருடைய தொகுதியில் அடங்கியது. தம் தொகுதிக்கு நன்மை தேடுவது பிரதிநிதியின் கடமையே. அதற்குச் சிக்கனம் என்ற போர்வை எதற்கு என்றே கேட்கிறோம். முதற் சட்டம் ராணுவ இலாகாவுக்கு அனுமதி மட்டும் தந்தது. இலாகா தயங்கி நிற்கவே, 2017-ஆம் வருஷத்து மசோதா வருஷத்துக்கு 8,000-க்குக் குறையாமல் கொடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்திற்று.

விற்கும் பொறுப்பு ஜனங்களுக்குக் குறிபார்த்துச் சுடும் பயிற்சி அளிப்பதற்கென்று ஏற்பட்ட ஒரு ஸ்தாபனத்தினுடையது. 1903-இல் ஆரம்பித்த சர்க்கார் திட்டமொன்றின் வாரிசாக அமைந்து, 1996 முதல் தனி நிறுவனமாக இயங்குவது அது. 2018-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் தொடங்கி ஒரு மாத காலம் தபால் மூலம் மனுக்களை வாங்கினார்கள்; ஏறக்குறைய 19,000 மனுக்கள் வந்து குவிந்தன. சீட்டுக் குலுக்குவதுபோல் எண் கொடுத்து வரிசைப்படுத்தினார்கள். விலையோ, நிலைமைக்குத் தக்கபடி 850, 950, 1,050 டாலர் என்று மூன்று தரம். இதே பிஸ்டலை 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் அதே திட்டத்தின் கீழ் இருபது டாலருக்கும் குறைவாகக் கொடுத்து வந்தார்கள். நாணயத்தின் மதிப்பு இறங்கியதைக் கணக்கில் சேர்த்தாலும் மலிவுச் சரக்கு என்ற பெயர் இப்போது இதற்குப் பொருந்தாது. ஓய்வுபெற்ற சிப்பாய் ஒருவர் தாம் தாங்கிய ஆயுதத்தை ஞாபகார்த்தமாக வாங்க விரும்பினால், புதிய பிஸ்டல் இரண்டின் விலையைக் கொடுத்தாக வேண்டும்.

நிற்க. இவ்விற்பனையின் நிபந்தனைகளை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வாங்குபவர் அமெரிக்கப் பிரஜையாகவும், இணைக்கப்பட்டதொரு சங்கத்தின் அங்கத்தினராகவும் இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருவருக்கு ஒன்றே. ஸ்தாபனம் மனுதாரரின் பூர்வோத்தரத்தை ஒரு முறை விசாரிக்கும். பிஸ்டல் அவர் வீட்டுக்கு வராமல் லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடம் போய்ச் சேரும். அங்கே மறுபடியும் ஒரு விசாரணை. இரண்டிலும் தேறியவரே கையில் வாங்கலாம். இவ்வளவு கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்பதை அறிய 1963-ஆம் வருஷத்துக்குப் போக வேண்டும்.

அவ்வருஷ ஆரம்பத்தில் டல்லாஸ் நகரவாசியான லீ ஹார்வி ஆஸ்வால்ட், பொய்ப் பெயரொன்றில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துத் தபால் வியாபாரக் கம்பெனிக்கு ஒரு கூப்பனை நிரப்பிப் பத்து டாலருடன் அனுப்பினான். சில வாரங்களில் ரிவால்வர் வந்து சேர்ந்தது. மொத்த விலை 29 டாலர் 95 சென்ட். அது ஸ்மித் – வெஸ்ஸன் கம்பெனி யுத்த காலத்தில் செய்து, கடன்–குத்தகைத் திட்டத்தின் கீழ் பிரிட்டனுக்கு அனுப்பிய ஆயுதம். யுத்தம் முடிந்து, வேண்டாத சரக்காகி, வியாபாரிகள் கை மாறித் தாயகம் திரும்பியபின், குழலை வெட்டிக் குட்டையாக்கி, அமெரிக்கத் தோட்டா பொருந்தும்படி திருத்தி விற்றார்கள். ஜனாதிபதி கென்னடியைச் சுட்ட துப்பாக்கியும் இத்தாலியப் பட்டாளத்தின் பழைய ரைபிள்தான்; அது சிகாகோ நகரத்து வியாபாரியிடமிருந்து தபாலில் வந்தது. நவம்பர் 22-ஆம் தேதி ஜனாதிபதி விழுந்த முக்கால் மணி நேரத்தில், டிப்பிட் என்ற போலீஸ்காரரின் உயிரை அந்த ரிவால்வர் குடித்தது. வாங்கியவன் யார் என்று எவரும் கேட்கவில்லை; கேட்க வேண்டுமென்று அந்நாட்டின் பொதுச் சட்டம் விதிக்கவுமில்லை.

இவ்விடத்தில் சரித்திரத்தின் விசித்திரம் ஒன்றுண்டு. ஐந்து வருஷங்களுக்கு முன், 1958-இல், அந்நிய நாடுகளின் பழைய ராணுவத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்யக் கூடாதென்று ஸெனேட்டில் ஒரு மசோதா வந்தது. அதைக் கொணர்ந்தவர் மஸாசூஸெட்ஸ் மாகாணத்து ஸெனேட்டரான அதே கென்னடி! அவருடைய மாகாணத்திலேதான் ஸ்மித் – வெஸ்ஸன் தொழிற்சாலை இருக்கிறது. ஐரோப்பாவின் கிடங்குகளிலிருந்து மலிவுச் சரக்கு வெள்ளமாக வந்ததால் உள்நாட்டுத் துப்பாக்கித் தொழிலுக்கு நஷ்டம் என்பதே அன்றைய முறையீடு. ஜனங்களின் உயிர் அதில் முக்கியப் பேச்சன்று. அந்த வெள்ளத்தைத் திறந்துவிட்டவர்களில் தலைசிறந்தவர் ஸாமுவேல் கம்மிங்ஸ். 1953-இல் கம்பெனி தொடங்கி, விர்ஜீனியாவின் அலெக்ஸாண்ட்ரியா நகரில் ஆற்றங்கரைக் கிடங்குகளை நிரப்பி, தேசம் தேசமாகச் சென்று பழைய ஆயுதங்களை வாங்கி விற்றவர் அவர். கென்னடியின் மசோதா அப்படியே நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தால் அந்த இத்தாலிய ரைபிள் அமெரிக்கக் கரையை மிதித்திராது என்று எழுதியவர்கள் உண்டு. அது ஊகம், அதில் நாம் இறங்கவில்லை.

1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் அடுத்தடுத்துக் கொலையுண்ட பிறகே துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறிற்று. தபாலில் துப்பாக்கி வாங்குவது சாமானியருக்கு நின்றது. பழைய ராணுவ ஆயுத இறக்குமதியும் நின்றது. ஆனால் 1984-இல் ஐம்பது வருஷம் கடந்த ஆயுதங்களுக்குப் பழம்பொருள் என்ற பெயரில் மறுபடியும் கதவைத் திறந்தார்கள். ஸோவியத் வல்லரசு 1991-இல் குலைந்தபின் அக்கதவின் வழியாக வந்த சரக்கு கொஞ்சமன்று. போலந்தும் ஹங்கேரியும் செக் நாடும் 1999-இல் வடஅட்லாண்டிக் உடன்படிக்கையில் சேர்ந்து, மேனாட்டுத் தோட்டாவுக்கு மாறவே, அவற்றின் பழைய பிஸ்டல்களும் கிடங்கை விட்டுப் புறப்பட்டன. 1895-ஆம் வருஷத்து ருஷ்ய நாகாண்ட் ரிவால்வரை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நூறு டாலருக்கும் குறைவாக வாங்க முடிந்தது. டோகரேவ் பிஸ்டலில் பாதுகாப்பு விசை என்பதே கிடையாது. இறக்குமதி விதி அதைக் கேட்பதால், வியாபாரிகள் துளையிட்டு ஒன்றைப் பொருத்தி விற்றார்கள். உயிரைக் காக்கச் சேர்த்த அந்த விசையைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் சேகரிப்போரே. பூர்வ ரூபம் கெட்டுவிட்டதாம்!

மலிவாக வாங்கியவர்களுக்கும் அம்மலிவு நிலைக்கவில்லை. இவற்றுக்குரிய தோட்டாக்களும் பழைய ராணுவச் சரக்காகவே பெட்டி பெட்டியாக வந்தன. அவற்றின் பற்றவைக்கும் மருந்து குழலில் உப்பைப் படியவைப்பது. சுட்ட அன்றே நீர் விட்டுக் கழுவித் துடைக்காவிட்டால் துரு அரித்துவிடும். கழுவாமல் வைத்த முன்னாள் எஜமானரின் சோம்பலுக்குப் பின்னால் வாங்கியவர் தண்டம் கட்டினார். நாளடைவில் பழைய தோட்டாவும் தீர்ந்தது. ருஷ்யச் சரக்குக்குப் புதிய அனுமதி கொடுப்பதில்லை என்று அமெரிக்கா 2021-இல் அறிவித்தது. பிஸ்டலுக்குக் கொடுத்த விலையைத் தோட்டாவுக்குச் சில மாதங்களில் கொடுக்கும்படி ஆயிற்று.

இனி, சட்டத்தில் நாம் காணும் குறைக்கு வருவோம். பழம்பொருள் சேகரிப்போருக்கென்று ஒரு லைசென்ஸ் உண்டு. மூன்று வருஷத்துக்கு முப்பது டாலர். அதை வைத்திருப்பவர் ஐம்பது வருஷம் கடந்த பிஸ்டலைத் தம் வீட்டு வாசலுக்கே நேராக வரவழைக்கலாம். ஒவ்வொரு முறையும் விசாரணை வேண்டாம். மகரோவ் பிஸ்டலை ஸோவியத் சேனை 1951-இல் ஏற்றது. பற்பல நாடுகளின் சேனையும் போலீஸும் இன்னும் அதைத் தாங்குகின்றன. அங்கே ஒரு காவலரின் இடுப்பில் தினசரி ஆயுதமாக இருப்பது, இங்கே காலண்டரின் கணக்குப்படி காட்சிப் பொருள்! வருஷம் ஒன்று பிறக்குந்தோறும் இன்னும் ஒரு வருஷத்து உற்பத்தி பழம்பொருளாகிவிடுகிறது. துப்பாக்கிக்கு மூப்பு வந்தால் தோட்டாவின் வேகம் குறைந்துவிடுமா?

சேகரிப்போரின் வாதத்தையும் சொல்லவேண்டும். 1911 பிஸ்டலுக்கு ஆயிரம் டாலர் கொடுத்து, வரிசையில் மாதக்கணக்கில் காத்திருந்து, இரண்டு விசாரணைகளுக்கு உட்பட்டு வாங்குகிறவர் தெருமுனையில் வழிப்பறி செய்யப் புறப்படமாட்டார் என்கிறார்கள். இதை நாம் மறுக்கவில்லை. சொல்லப்போனால் நமது வாதமே அதுதான். நாட்டிலேயே கடுமையான சோதனை எதன்மீது விழுந்திருக்கிறது? எழுபது வருஷத்துக்கு மேல் பழகிய, ஏழே தோட்டா கொள்ளும், விலையால் ஏழைக்கு எட்டாத ஓர் ஆயுதத்தின்மீது. கடையில் அதைவிட மலிவாகவும் அதைவிடக் கொடியதாகவும் கிடைக்கும் புதிய பிஸ்டலுக்கு ஒரே விசாரணை. வியாபாரியல்லாத ஒருவர் தம் மாகாணத்தவர் ஒருவருக்குத் தம் சொந்தப் பிஸ்டலை விற்றால் ஐக்கிய சர்க்காரின் சட்டப்படி விசாரணையே இல்லை. தாமாகச் சட்டம் செய்துகொண்ட மாகாணங்களில்தான் உண்டு. 1998-இல் தொடங்கிய விசாரணை முறையின் பெரிய ஓட்டை அது. சேனையின் முத்திரை பெற்ற சரக்கு என்பதற்காக ஒன்றைக் கண்டிப்பாகவும், ஐம்பது வருஷம் ஆயிற்று என்பதற்காக மற்றொன்றைத் தளர்வாகவும், கைமாறும் இடம் கடையன்று என்பதற்காக இன்னொன்றைக் கண்ணை மூடிக்கொண்டும் நடத்துகிறார்கள். எந்தக் கை வாங்குகிறது என்பதை எங்கும் ஒரே விதமாகக் கேட்பதற்கு மாத்திரம் காங்கிரஸ் சபைக்குத் துணிவு பிறக்கவில்லை.

இதற்குள் அடுத்த கேள்வி வாசலில் நிற்கிறது. பெரெட்டாவுக்குப் பதிலாக 2017-இல் ஸிக் ஸவர் கம்பெனியின் பிஸ்டலைச் சேனை தேர்ந்தெடுத்துவிட்டது. ஏழு தோட்டாவுக்குப் பதில் பதினைந்து தோட்டா கொள்வது பெரெட்டா. அவையும் மிச்சச் சரக்காகும்போது, ஒன்றுக்கு இரண்டு டாலர் கிடங்குச் செலவு என்ற கணக்கை யாரேனும் ஒரு பிரதிநிதி மறுபடியும் எடுத்து வருவார் என்று எதிர்பார்க்கலாம். அவ்வளவும் பழம்பொருள் என்ற வயதை எட்டாதவை. 1985-இல் செய்த பெரெட்டாவே 2035-இல்தான் அந்தப் பட்டத்துக்கு உரியதாகும். அப்போது 2018-ஆம் வருஷத்து இரட்டை விசாரணையை அதற்கும் வைப்பார்களா, அல்லது முப்பது டாலர் லைசென்ஸ்காரரின் வீட்டு வாசலுக்கு நேராக அனுப்புவார்களா என்பதை அந்நாட்டுப் பிரஜைகள் இப்போதே தங்கள் பிரதிநிதிகளிடம் கேட்டு வைக்கலாம்.